உயிரோடிருந்தவருக்கு ஓர் அந்தியேட்டி

ராசா,

உன் கடிதம் வந்தபோது நான் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டு நின்றேன். கை கழுவப் பொறுமையில்லாமல் மண் கையோடு பிரித்துப் படித்தேன். வைகாசியில் லீவு எடுத்துக்கொண்டு கலியாணத்துக்கு வருகிறாய் என்பது வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் படித்தேன். அதற்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்ததும் கடிதத்தை அப்படியே அடுப்புக்குள் போடுவோமா என்று வந்தது. சண்டிலிப்பாயில் பெண் வீட்டார் முகம் சுளிக்கிறார்களாம். மாப்பிள்ளையின் தகப்பன் உயிரோடு சாய்வுக் கதிரையில் இருக்க, தாய் வெள்ளைச் சீலையும் வெறும் கழுத்துமாக நடமாடுவது என்ன கோலம் என்று கேட்கிறார்களாம். ஆகையால் உன் கலியாணத்துக்கு முன்னம் ஒரு நல்ல நாள் பார்த்து ஐயா எனக்குத் திரும்பத் தாலி கட்ட வேண்டும். நான் பொட்டு வைத்து, பட்டு உடுத்து, அவர் பக்கத்தில் நின்று உங்கள் இரண்டு பேரையும் வாழ்த்த வேண்டும். "எனக்காக ஒருக்காச் செய்யுங்கோ அம்மா" என்று முடித்திருக்கிறாய். ஐயாவுக்குக் கஞ்சி கொண்டுபோய் வைத்தபோதும் கோப்பையை இடித்துத்தான் வைத்தேன்.

அன்றைக்கு ஒரு கலியாணத்துக்காக உன் ஐயாவைச் சாகடித்தார்கள். இன்றைக்கு இன்னொரு கலியாணத்துக்காக அவரை உயிர்ப்பிக்கச் சொல்லி நீ கேட்கிறாய். நல்ல குடும்பம்! ஊரில் எல்லாருக்கும் கதை பாதிதான் தெரியும். உனக்கும் அந்தப் பாதிதான். மீதியை இத்தனை காலமாக நான் வாய் திறந்து சொன்னதில்லை. பிடிவாதக்காரி, நெஞ்சு இறுகினவள் என்று ஊர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். இனி மூடிவைக்க ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்காதே. உனக்கு வாழ்க்கைப்படப் போகிறவளுக்கும் கொடு. முக்கியமாக அவளுக்குக் கொடு. நான் எழுதுவது ஐயாவுக்கும் தெரியும். "எழுதும், எழுதும். ஒண்டையும் விடாதையும்" என்று கட்டிலில் கிடந்தபடியே சொன்னார்.

ஐயா கல்கத்தாவுக்குப் போனது நீ தவழத் தொடங்கியிருந்த காலத்தில். அரிசி மொத்தமாய் வாங்கி ஏற்றுகிற ஒரு வியாபாரியிடம் கிளாக்கர் வேலை. ஊரில் எல்லாரும் மலாயாவுக்குக் கப்பல் ஏற, இவர் மட்டும் வடக்கே போனார். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. மலாயாவுக்குப் போனால் கோலாலம்பூரில் இறங்கின உடனே நம்முடைய ஆள் ஒருவன் நிற்பான், நீ ஆர், ஆற்றை மகன், யாருடைய வீட்டுப் பிள்ளை, எந்தக் குறிச்சி, எங்கே பெண் எடுத்தாய் என்று கேட்பான். இவருக்கு அது பிடிக்காது. கல்கத்தாவைப் பற்றி முதலாவது லீவில் வந்து சொன்னது இதைத்தான். "அங்கை டிராமிலை ஏறி இந்தத் தொங்கலிலை இருந்து அந்தத் தொங்கல் மட்டும் போகலாம். ஒருத்தனும் நீ ஆர் எண்டு கேக்க மாட்டான்" என்றார். விடியற்புறத்தில் தெருக்களைத் தோலால் செய்த பையில் தண்ணீர் கொண்டுவந்து கழுவுவார்களாம். கடுகெண்ணெய் மணம் தலையில், சீலையில், சோற்றில் எல்லாம் இருக்குமாம். ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் சென்னைப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து எடுத்த வீட்டில் ஒரு அறை. மாரி காலத்தில் புகையும் குளிரும் சேர்ந்து சுவாசம் அடைக்குமாம். ஆனாலும் சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மலைப் பைத்தியம் அங்கேதான் பிடித்தது. எங்கள் ஊரில் ஏறுவதற்குப் பனையை விட்டால் என்ன இருக்கிறது? கண் எட்டிய மட்டும் தட்டையான நிலம். கேதாரத்துக்குப் போய்வந்த ஒரு யாத்திரிகன் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, வேலையில் லீவு கேட்டு, ஒரு கம்பளியும் குடையும் துணிமூட்டையுமாகத் தனியே புறப்பட்டாராம். துணைக்கு யாரும் வேண்டாம் என்றாராம். ரிஷிகேசத்திலிருந்து ஆற்றோடு நடை. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கிடுகிடு பள்ளம், கீழே தண்ணீர் இரைகிற சத்தத்தில் பக்கத்தில் நின்று கதைத்தாலும் கேட்காது. வழியில் யாத்திரிகர் தங்க ஓலையும் கல்லுமாகக் கொட்டில்கள்; அங்கே மா வாங்கி ரொட்டி சுட்டுத் தின்றுவிட்டு விறகுப் புகைக்குள் கிடக்க வேண்டும். மேலே போகப் போகப் பத்து அடி வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டுமாம். பனி எப்படி இருந்தது என்று அயலவர்கள் கேட்டபோது, "உப்பளத்திலை உப்புக் குவிச்சு வைச்சிருப்பினமெல்லே, அது வானம் மட்டும் இருந்தால் எப்பிடி இருக்கும்? அப்பிடி" என்று சொன்னார். போய்ப் பார்த்துவிட்டு மற்றவர்களைப் போலத் திரும்பியிருக்கலாம். கோயில் பூட்டி எல்லாரும் கீழே இறங்குகிற ஐப்பசியில் இவர் இன்னும் மேலே ஒரு ஏரி இருக்கிறது என்று தனியாக ஏறினார். மழை பிடித்தது. பாதை இடிந்து விழுந்தது. குடையும் மூட்டையும் ஆற்றோடு போய் எங்கேயோ கரையில் ஒதுங்கின.

அந்தக் குடையைத்தான் எடுத்தார்கள். பிடியில் உன் பெரியப்பா சூட்டுக்கோலால் அவர் பெயரைச் சுட்டு வைத்திருந்தார், தொலைந்துபோகக் கூடாது என்று. கல்கத்தாவில் உடன் தங்கியிருந்தவர் பெரியப்பாவுக்கு எழுதினார்: குடை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை, அந்த மலையில் மாரி தொடங்கினால் யாரும் உயிர் தப்புவதில்லை. நான் நம்பவில்லை. குருக்களும் அவசரப்பட வேண்டாம் என்றார். "காணாமல் போனவைக்குப் பன்னிரண்டு வருசம் பாக்க வேணும். அதுதான் முறை" என்றார். ஆனால் பெரியப்பாவின் மூத்த மகளுக்குத் தை மாதம் கலியாணம் வைத்திருந்தது. ஐயா செத்தாரா இல்லையா என்பது தெரியாவிட்டால் எங்கள் பகுதி முழுவதும் சாவுத் துடக்கா இல்லையா என்பதும் தெரியாது. துடக்கு வீட்டில் பெண் எடுக்க மாப்பிள்ளை வீட்டார் தயங்கினார்கள். பெரியப்பா முற்றத்தில் நின்று குருக்களோடு வாதாடியது இன்னும் என் காதில் கிடக்கிறது. "குடை கிடந்து எடுத்தாச்சு, குருக்களையா. குடையில்லாமல் அந்த மழைக்குள்ளை அவன் எங்கை போறது? செத்துத்தான் போனான்." கெட்ட மனிதர் இல்லை அவர். சொல்லிவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதுவிட்டுக் காரியத்தைத் தொடங்கினார்.

தர்ப்பைப் புல்லில் ஆள் உயரத்துக்கு ஒரு பாவை செய்தார்கள். அதற்கு ஐயாவின் வேட்டியைக் கட்டினார்கள். பறை அடித்துச் சுடலைக்குக் கொண்டுபோனார்கள். நீதான் கொள்ளி வைத்தாய், ராசா. பெரியப்பா உன்னைத் தோளில் தூக்கிப் போய், உன் சின்னக் கையைத் தன் கையால் பொத்திப் பிடித்து வைத்தாராம். திரும்பி வந்து "அம்மா, பெரிய பொம்மை எரிஞ்சது" என்று எனக்குச் சொன்னாய். அதற்குள் பெண்கள் என்னைக் கிணற்றடியில் இருத்தி, பொட்டை அழித்து, காப்புகளைக் கழற்றி, தாலிக்கொடியை அறுத்திருந்தார்கள். கொடி அறுகிற சத்தம் பெரிய சத்தம் இல்லை. ஒரு நூல் தெறிக்கிறது போலத்தான். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி. சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தோம். தையில் பெரியப்பாவின் மகளுக்குக் குறையில்லாமல் கலியாணம் நடந்தது. நான் பின் கோடியில் நின்று பாத்திரம் கழுவினேன்.

நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள், தாடியும் சடையும் ஆட்டுமயிர்ச் சால்வையுமாக ஒரு சாமியார் வேலிப் படலையில் வந்து நின்றார். நான் பிச்சை கேட்டு வந்தவர் என்று சுளகில் அரிசி எடுத்துக்கொண்டு போனேன். கையை நீட்டினார். வலது கையில் பெருவிரலைத் தவிர மற்ற விரல்கள் இல்லை. "ஆர் சாமி, எந்த ஊர்?" என்று கேட்டேன். "இஞ்சேரும், நான்தான்" என்றார். ஓடிப்போய்க் காலில் விழுந்தேன் என்று நீ நினைப்பாய். இல்லை. சுளகை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். "நீங்கள் செத்துப் போனியள்" என்று மட்டும் என் வாயில் வந்தது. "ஓம். கேள்விப்பட்டனான்" என்றார். ஊரே கூடி, அழுது, சிரித்து, படலையைப் பிடுங்குகிற அளவுக்கு ஆட்கள் வந்து போனார்கள். எனக்கு மட்டும் அந்தச் சொல் முள்ளு மாதிரி உள்ளே நின்றது. கேள்விப்பட்டாராம். எங்கே கேள்விப்பட்டார்? எப்போது?

கிரியை முடிந்த ஆளை அப்படியே வீட்டுக்குள் எடுக்க முடியாது. குருக்கள் ஏட்டைப் பார்த்து வழி சொன்னார். திரும்பப் பிறக்க வேண்டும். பெரிய கிடாரத்தில் நெய்யும் தண்ணீரும் விட்டு, அவரை முழங்காலைக் கட்டிக்கொண்டு வயிற்றுப் பிள்ளை போல அதற்குள் இருத்தினார்கள். வாய் திறக்கக் கூடாது. பிறகு தூக்கி எடுத்துத் துடைத்து, காதில் பெயர் சொன்னார்கள். அதே பெயர்தான், பெரியப்பா சொன்னார். "ஐயா இனிப் பால் குடிப்பாரோ?" என்று நீ கேட்டாய்; அழுதுகொண்டிருந்த பெரியம்மாவும் சிரித்துவிட்டாள். பிறந்தவர் இனிக் கலியாணம் கட்ட வேண்டும். என்னைத்தான். கொடியைப் பொருத்தி எடுத்து வைத்தார்கள், நாளும் குறித்தார்கள். அதுவரை உனக்குத் தெரியும். குறித்த நாளில் நான் குளிக்கவும் இல்லை, உடுக்கவும் இல்லை, மாட்டேன் என்று குசினிக் கதவைப் பூட்டிக்கொண்டேன் என்பதும் தெரியும். ஏன் என்பதை இப்போது கேள்.

அதற்கு முதல் நாள் மத்தியானம் அவருக்குச் சோறு போட்டேன். இடது கையால் தின்னப் பழகியிருந்தார். மலைக் கதை சொல்லிக்கொண்டே தின்றார். இடிந்த பாதையிலிருந்து தவழ்ந்து இறங்கி, ஒரு ஆட்டுக்காரன் குடிசையில் விழுந்து, மாரி முழுக்க அவனும் பெண்சாதியும் சாணி நெருப்பில் வைத்துக் காப்பாற்றியது, விரல்கள் கறுத்து உணர்ச்சி செத்து ஒவ்வொன்றாய் விழுந்தது எல்லாம் சொன்னார். என் கண்ணீர் அவர் சோற்றில் விழுந்தது. பனி உருகியதும் கீழே இறங்கிக் கல்கத்தாவுக்கு வந்தாராம். உடன் தங்கியிருந்தவர் பேயைக் கண்டவர் போலக் கத்திவிட்டு, ஊரில் அந்தியேட்டி முடிந்துவிட்டது என்று சொன்னாராம். நான் கேட்டேன், "அப்ப ஏன் வரேல்லை? ஒரு தந்தி ஏன் அடிக்கேல்லை?" அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "உண்மையைச் சொல்லட்டோ?" என்றார். "சொல்லுங்கோ." "செத்துப் போனன் எண்டு கேட்டவுடனை லேசாக் கிடந்தது. முதுகிலை கிடந்த சாக்கை ஆரோ இறக்கி வைச்ச மாதிரி."

அதன் பிறகு அவர் ஒரு வருஷத்துக்கு மேல் கல்கத்தாவில் இருந்தார், ராசா. ஒரு பண்டகசாலையில் காவல் வேலை. பின்னேரங்களில் ஆற்றங்கரையில் கப்பல் பார்த்தார், நாடகம் பார்த்தார், மிட்டாய்க் கடைகளில் பாலில் செய்த இனிப்பு வாங்கித் தின்றார். பிறகு திரும்பவும் மலைக்குப் போனார். பத்ரிக்கு, தனியாக, விரலில்லாத கையோடு. அந்தக் காலம் முழுக்க நான் இங்கே ஒரு நேரச் சோறும் வெறும் பாயும். நீ காய்ச்சலில் கிடந்து ஐயா ஐயா என்று பிதற்றினாய். நான் அவரைக் கேட்டேன், "அந்தச் சாக்குக்குள்ளை ஆர் இருந்தது எண்டு தெரியுமோ?" அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். நான் விடவில்லை. "சாகிறது உங்களுக்குச் சுகமாய்த்தானே இருந்தது? அப்ப அப்பிடியே இருங்கோ. நான் உங்களுக்கு அழுது முடிச்சிட்டன்." அவ்வளவுதான் நடந்தது. பொய் சொல்லியிருக்கலாம் அவர். மறதி வந்தது, நோய் கிடந்தேன் என்று ஏதாவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், மறுநாள் பட்டு உடுத்திருப்பேன். மனிதருக்குப் பொய் வராது. அதுவும் ஒரு சாபம்.

அவர் முற்றத்து ஓலை மாலில் படுத்தார், நான் வீட்டுக்குள் படுத்தேன். சமைத்துப் போட்டேன், உடுப்புத் தோய்த்தேன். காலையில் எழும்பினால் அவர் கண்ணில் முதலில் படுவது என் வெள்ளைச் சீலை. தன்னுடைய சாவைத் தானே ஒவ்வொரு நாளும் பார்க்கட்டும் என்றுதான் அவர் முன்னால் நடந்தேன். அது தண்டனை இல்லை என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். உன் பள்ளிக்கூடப் பரிசளிப்பு, உனக்கு உத்தியோகம் கிடைத்த நாள், எல்லாவற்றிலும் அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. நடுவில் நீ நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாய். அதற்காக எனக்கு நெஞ்சு நோகாத நாள் இல்லை. நோகிறது என்று தெரிந்துகொண்டும் நான் மாறவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு யோசித்தேன். உன் கலியாணத்திலும் பின் கோடியில் பாத்திரம் கழுவுவதா? அது என்னால் முடியாது போலிருந்தது. என்ரை பிள்ளை மணவறையில் இருக்கும்போது நான் முன்னால் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டும். கோபத்தை விழுங்கிக்கொண்டு பெட்டகத்தைத் திறந்து, அன்றைக்குப் பொருத்தி வைத்த கொடியை எடுத்துக்கொண்டு மாலுக்குப் போனேன். ஐயாவின் இருமல் உனக்குத் தெரியும். இப்போது துப்பும்போது இரத்தம் வருகிறது. ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, வைகாசி தாண்டினாலும் மாரி தாண்டாது என்று சொல்லிப் போனார். ஐயாவுக்கு நான் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். கொடியை அவர் மடியில் வைத்தேன். "பொடியன் கேக்கிறான். கட்டிவிடுங்கோ" என்றேன். அவர் கொடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கனநேரம் பார்த்தார். நான் விரலைத்தான் நினைத்தேன். கொடியின் திருகுச் சுரையைப் பூட்ட விரல் வேண்டுமே, பெரியம்மாவைத் துணைக்குக் கூப்பிடலாம் என்றுகூடச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாம்" என்றார். "நான் இன்னும் கொஞ்ச நாளிலை போறவன். இப்ப கட்டினால் நீர் திரும்ப ஒருக்கா அறுக்க வேணும். திரும்பவும் கிணத்தடியிலை கொண்டுபோய் இருத்துவினம். முதல் தரம் அதை நான் உமக்குச் செய்தது போதும். ரண்டாந் தரம் செய்ய மாட்டன்." "பொடியன்ரை கலியாணம்?" என்று கேட்டேன். "அவன் எனக்கு முந்தியே கொள்ளி வைச்சவன். அவனுக்கு விளங்கும்" என்று சொல்லிச் சிரித்தார்; சிரிப்பு இருமலாகப் போயிற்று. கொடியை என் கையில் திருப்பித் தந்தார். நான் அன்றைக்குத்தான் அந்தக் கட்டிலில், அவர் பக்கத்தில், இருந்தேன். வந்த நாளிலிருந்து கேட்காத ஒரு கேள்வியையும் கேட்டேன். "அப்ப பிறகு என்னத்துக்குத் திரும்பி வந்தனியள்?"

பத்ரிப் பாதையில் இறங்கி வரும்போது மேலே ஏறுகிற யாத்திரிகர் கூட்டத்தில் ஒரு பெண் கால் தவறி விழப் பார்த்தாளாம். இவர் இடது கையால் பிடித்து நிறுத்தினாராம். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு "அப்பனே முருகா" என்றாளாம். கேட்டதும் இவர் பிடித்த கையை விடாமல் நின்றாராம், நம்முடைய பேச்சு. "எவடம் அம்மா?" என்று கேட்டிருக்கிறார். காங்கேசன்துறைப் பக்கமாம், கப்பல்காரக் குடும்பம். அவள் இவருடைய தாடியையும் கையையும் பார்த்துவிட்டு, எங்கள் சனம் எல்லாரும் கேட்கிற அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள். "நீ ஆற்றை பிள்ளை மோனை?" அந்தக் கேள்விக்குப் பயந்து ஓடிய மனிதர், பனிக்குள் வழி நடுவில் இருந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதாராம். "சொல்ல ஆற்றை பேரும் இல்லை எனக்கு. செத்தவனுக்கு ஆர் இருக்கினம்?" என்று என்னிடம் சொன்னார். இதை அன்றைக்கே சோறு தின்னும்போது சொல்லியிருக்கலாமே, விசர் மனிதர்! நானும் மிச்சக் கதையைக் கேட்டிருக்கலாம். சாக்கு என்ற சொல்லோடு எழும்பிப் போய்விட்டேன். இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் இத்தனை வருஷத்தையும் மண்ணாக்கினோம்.

ஆகவே, நீ கேட்டது நடக்காது, ராசா. சண்டிலிப்பாயாருக்குச் சொல்லிவிடு. மணவறையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் இருக்கட்டும். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். பட்டுச் சீலை ஒன்றை நான் விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைத்தேன் என்பதையும் உனக்கு மறைக்கவில்லை. ஆனால் பாத்திரம் கழுவப் போக மாட்டேன். ஐயாவைக் கதிரையோடு தூக்கி வந்து பந்தலின் ஓரத்தில் வைப்போம். அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சீலையோடு நான் நிற்பேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அந்தப் பெண் பிள்ளைக்கு அது பிடிக்காவிட்டால் இப்போதே சொல்லட்டும். நான் கோபிக்க மாட்டேன்.

நீயும் ஞாயிற்றுக்கிழமைகளில் நுவரெலியாவில் தனியே மலையேறுகிறாய் என்று எழுதியிருந்தாய். உச்சியில் நின்றால் உலகத்தில் யாரும் இல்லாதது போல இருக்கிறது, மனம் பறக்கிறது என்று எழுதியிருந்தாய். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது உன் இரத்தத்தில் கிடக்கிறது. போ. ஆனால் எங்கே போகிறாய் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுப் போ. வரப் பிந்தினால் ஆளனுப்பு. உனக்காக ஒருத்தி அழுகிறாள் என்று கேள்விப்பட்டால், நீ எந்த உச்சியில் நின்றாலும் இறங்கி ஓடிவா. அந்த லேசு மட்டும் உனக்கு வேண்டாம், ராசா. அது லேசில்லை, வேறு யாரோ உன் சுமையையும் சேர்த்துச் சுமக்கிறார்கள், அவ்வளவுதான்.

வைகாசி மட்டும் பார்த்திராதே. அதற்கு முன்னம் ஒரு சனி ஞாயிறுக்காவது ரயில் ஏறி வா. மாரிக்குள் உன்னைக் கூப்பிட்டு இன்னொரு முறை கொள்ளி வைக்கச் சொல்வார்கள். குருக்கள், முந்திச் செய்தது செல்லுமா செல்லாதா என்று இப்போதே ஏட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அன்றைக்குப் பெண்கள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போக வந்தால் என்னிடமிருந்து எடுக்க ஒன்றும் இருக்காது, ஐயா பார்த்துக்கொண்டார். அது வருவதற்குள் நீ வந்து அவர் பக்கத்தில் இரு. மலைக் கதை சொல்லச் சொல்லு, இருமினாலும் சொல்லுவார். கையைப் பிடித்துக்கொள். வலது கையைப் பிடி. விரலில்லாத கை, முதலில் எங்கே பிடிப்பது என்று தெரியாது, நழுவிப் போகும். கொஞ்சம் பழக வேண்டும். நான் இந்த ஒரு கிழமைக்குள்தான் பழகினேன்.

உன்
அம்மா